கங்குக்குருவியின் தொண்டை

அந்த வெள்ளிக்கிழமை காலை விசாரணை அறையில் இருந்தவர்கள்: மனிதவள அதிகாரி, தர மேலாளர், பெயின்ட் ஷாப் சூப்பர்வைசர், மெயின் கேட் செக்யூரிட்டி, குறிப்பு எழுதுவதற்காக நான். இல்லாதவர், யாரைப் பற்றி விசாரணையோ அந்த அக்கா. அவர் அப்போது தெற்கேயிருந்து வரும் பேருந்தில் எங்கோ இருந்தார். அவரை வேலைக்கு அனுப்பிய காண்ட்ராக்ட் ஏஜென்சியிலிருந்தும் யாரும் வரவில்லை. குருவியும் வரவில்லை. அப்படி ஒரு குருவி இருப்பதே அந்த அறையில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

அக்காவின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், இனிஷியல் எங்கே என்று கேட்பார். இனிஷியலும் போட்டால், அது அப்பா பெயரின் முதல் எழுத்தா ஊர்ப் பெயரின் முதல் எழுத்தா, படிக்கிறவர்களுக்கு எப்படித் தெரியும் என்பார். அப்படிப்பட்டவர்.

வல்லம் வடகாலில் கார்களுக்கு பம்பர் பெயின்ட் அடிக்கும் கம்பெனி எங்களுடையது. அக்கா கடைசி இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தார். நான் டிப்ளமோ முடித்துவிட்டு, சேரப்பணஞ்சேரியிலிருந்து சைக்கிளில் வந்து போகும் டிரெய்னி. எங்கள் வீட்டில் முதன்முதலில் பத்தாவது தாண்டியவன் நான்தான். அக்காவுக்கு என்னைவிட ஐந்து வயது கூட இருக்கும். மேற்கு மலையில் ஒரு டீ எஸ்டேட்டில் பிறந்தவர். ஒரகடத்தில் பெண்கள் ஹாஸ்டலில் ஆறு பேருக்கு ஓர் அறையில் இருந்தார்.

எங்கள் வேலையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு மாஸ்டர் பேனல் உண்டு. போஸ்ட் கார்டு அளவுத் தகடு. இதுதான் நிறம் என்று கார் கம்பெனிக்காரர்கள் ஒப்புக்கொண்டு, பின்பக்கம் கையெழுத்துப் போட்டுத் தருவது. வெளிச்சம் பட்டு மங்கிவிடக் கூடாதென்று கறுப்பு உறையில் போட்டு டிராயருக்குள் வைத்திருப்போம். டிராயர் சாவி என் பொறுப்பு. லைனில் புது லாட் ஓடத் தொடங்கும்போது, முதல் பம்பரை அந்தப் பேனலோடு வைத்துப் பார்த்து ஓகே சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியவர் அக்கா.

அக்கா சுலபத்தில் சொல்ல மாட்டார். நிறம் பார்ப்பதற்கென்றே வைத்திருக்கும் விளக்குக் கூண்டுக்குள் பார்ப்பார். பிறகு பேனலையும் பம்பரையும் தூக்கிக்கொண்டு லோடிங் வாசலுக்குப் போய் வெயிலில் பார்ப்பார். பிறகு அசெம்பிளிப் பக்கம் உள்ள மஞ்சள் விளக்கின் கீழே போய் நிற்பார். திரும்பவும் கூண்டுக்கு வருவார். அவர் நடக்க நடக்க எங்களுக்குக் கால் வலிக்கும். அவருக்கு ஸ்டூல் கொடுத்திருந்தார்கள். அதில் அவர் தண்ணீர் பாட்டில் மட்டும் உட்கார்ந்திருக்கும்.

சூப்பர்வைசர் மணிமங்கலத்துக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் மணிக்கு இத்தனை பம்பர் என்று அவர் தலையில் ஒரு கடிகாரம் ஓடும். ஒருநாள் அக்கா மூன்றாம் முறையாக வெயிலுக்குப் போனபோது சொன்னார்: "இன்னாமா, சூரியனுக்கே ஓகே ஸ்டிக்கர் ஒட்டுவ போலக்கீதே. கிட்டத்தட்ட சரியாத்தானே கீது, அனுப்பு."

அக்கா கோபப்படவில்லை. பம்பரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "கிட்டத்தட்டன்னு ஒரு கலர் இருந்தா பேனல் கொண்டாங்க சார். அதுகூட வச்சிப் பாத்து ஒட்டுதேன்."

அந்த ஒரு சொல் அவருக்கு ஆகாது. யாராவது 'கிட்டத்தட்ட' என்றால் பல்லில் மணல் கடிபட்டதுபோல முகம் போகும். 'இதோ வந்துட்டேன்' என்பதும் ஆகாது. ஒருநாள் நான் மணிமங்கலத்தில் நின்றுகொண்டே, படப்பையைத் தாண்டிவிட்டேன் என்று போனில் சொன்னேன். எந்தப் பக்கம் என்ன கடை இருக்கிறது என்று கேட்டார். நான் எதிரே இருந்த மணிமங்கலத்துக் கடையையே சொல்லிவிட்டேன். "மணிமங்கலத்துல நிக்கேன்னு சொன்னா நான் என்ன அடிக்கவா போறேன். அதுக்கு ஏத்தாப்புல நான் ஒரு வேலையப் பாத்துட்டு இருப்பம்லா," என்றார். அதற்குப் பிறகு நான் அவரிடம் நிற்கிற இடத்தைத்தான் சொன்னேன். மற்றவர்களிடம் பழைய வழக்கப்படியே.

ஹாஸ்டல் பெண்கள் அவரிடம் பிளவுஸ் துணி கொண்டு வருவார்கள், புடவைக்கு மேட்ச் ஆகிறதா என்று பார்க்க. அவர் அதையும் மூன்று வெளிச்சத்தில் பார்ப்பார். டியூப் லைட், வெயில், குண்டு பல்பு. நிறம் என்பது துணியில் பாதிதான் இருக்கிறது, மீதி வெளிச்சத்தில் இருக்கிறது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நிச்சயதார்த்தத்துக்குத் துணி எடுத்துவந்த ஒரு பெண்ணிடம், கடையில் ஒத்துப்போயிருக்கும், மண்டபத்தில் ஒத்துப்போகாது என்று சொல்லிவிட்டார். பணம் கொடுத்து வாங்கி, தைத்தும் ஆயிற்று. அந்தப் பெண் அழுதாள். மண்டபத்தில் மஞ்சள் விளக்குப் போட்டதும் அக்கா சொன்னபடியே புடவை ஒரு பக்கமும் பிளவுஸ் ஒரு பக்கமுமாகப் போயிற்று. அந்தப் பெண் ஒரு மாதம் அக்காவோடு பேசவில்லை. சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று நான் கேட்டதற்கு, "என்கிட்ட எதுக்குக் கொண்டுவந்தா?" என்றார்.

இந்தக் கண்ணோடுதான் அவர் குருவியைப் பார்த்திருந்தார்.

அவர்கள் எஸ்டேட்டுக்கு மேலே ஈத்தைக்காடு இருக்கிறது. மூங்கிலைப் போல மெலிந்து வளரும் ஈத்தை, பகலிலும் இருட்டாக நிற்குமாம். அதற்குள்ளே தரையோடு தரையாகத் தத்தித் திரியும் ஒரு பறவை. உடம்பு கருநீலம், கண்ணுக்கு மேலே ஒரு வெள்ளைக் கோடு, தொண்டை மட்டும் ஊதிவிட்ட நெருப்புத் துண்டு. எஸ்டேட் சனங்கள் அதைக் கங்குக்குருவி என்பார்கள். மலைத்தொடரை இரண்டாக வெட்டும் கணவாய்க்கு வடக்கே உள்ள மலைகளிலும் அப்படி ஒரு பறவை உண்டு. பறவைப் புத்தகத்தில் இரண்டும் ஒன்றுதான்: ஒரு படம், ஒரு பெயர். அக்கா பள்ளிக்கூட நூலகத்தில் அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து அவருக்கு நிம்மதி இல்லை.

"அது எங்க குருவி இல்ல தம்பி. அதோட தொண்ட ஆரஞ்சு. எங்க குருவி செவப்புக்குப் போற ஆரஞ்சு. அது கத்தும்போது கடைசில மேல ஏத்தும். எங்க குருவி எறக்கும்," என்று கேன்டீனில் தட்டை வைத்துக்கொண்டு சொல்வார். சீட்டியடித்துக் காட்டுவார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவருக்கு அதெல்லாம் தெரியாது.

சேர்ந்த முதல் வருடச் சம்பளத்தில் ஒரு பழைய கேமராவை வாங்கி, ஊருக்குப் போனபோது படம் எடுத்து, பறவைகளைப் பற்றி ஆராயும் ஒரு மாணவருக்கு அனுப்பியிருக்கிறார். மரியாதையான பதில் வந்தது. இரண்டும் ஒரே இனம்தான், காட்டு நிழலில் எடுத்த படம் என்பதால் நிறம் கூடுதலாகத் தெரிகிறது, வெளிச்சத்தின் வேலை என்று. அந்தப் பதிலை என்னிடம் எத்தனை முறை படிக்கச் சொன்னார் என்று கணக்கில்லை. "வெளிச்சமாம்," என்பார். "என்கிட்ட வந்து வெளிச்சத்தப் பத்திச் சொல்லுதான்."

அவருக்கு வேறு வழி தெரிந்திருந்தது. பம்பருக்குச் செய்வதைக் குருவிக்குச் செய்வது. ஆரஞ்சிலிருந்து சிவப்பு வரைக்கும் வரிசையாகப் பேனல்கள் இருந்தால், காட்டுக்கே எடுத்துக்கொண்டு போய், குருவி வரும் இடத்தில் ஈத்தைத் தண்டில் ஒவ்வொன்றாகச் செருகி, எது ஒத்துப்போகிறது என்று பைனாகுலரில் பார்த்து எழுதிவிடலாம். கண்ணால் பார்த்தேன் என்றால் நம்ப மாட்டார்கள். நம்பர் போட்ட பேனலோடு ஒத்துப்போனது என்றால் நம்பித்தானே ஆக வேண்டும்.

பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்குப் போக, அக்கா டூட்டி பார்த்தார். அதற்கு ஈடாக அடுத்த வாரம் சனி முதல் புதன் வரை லீவு. வெள்ளிக்கிழமை மத்தியானம் என்னிடம் வந்து, பழைய ஸ்கிராப் பேனல் எட்டு வேண்டும் என்று கேட்டார். ஸ்கிராப் பேனலுக்கு அடையாளம் உண்டு. ஒரு மூலையில் துளை போட்டுவிடுவோம், யாரும் தவறி லைனில் வைத்துவிடக் கூடாதென்று. நான் டிராயரைத் திறந்து ஆரஞ்சு வகைகளை மேசையில் பரப்பினேன். எது எந்த நிறம் என்று சரிபார்க்க, மாஸ்டர் ஆரஞ்சையும் உறையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அந்த நேரம் ஷிப்ட் சங்கு ஊதியது. ஹாஸ்டல் வேன் போய்விடும் என்று அக்கா வாசலில் நின்று கால் மாற்றிக்கொண்டிருந்தார். நான் எண்ணினேன். எட்டு. பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டு, மீதியைக் கறுப்பு உறையோடு அப்படியே டிராயருக்குள் தள்ளிப் பூட்டினேன். கேட் சீட்டில் 'ஸ்கிராப் பேனல் 8' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். செக்யூரிட்டி பிரித்து எண்ணினார். எட்டு. முத்திரை குத்தினார்.

நாங்கள் இருவரும் எண்ணிக்கையைப் பார்த்தோம். துளையை யாரும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை அதே ஆரஞ்சில் புது லாட். உறையைத் திறந்தால் காலி. நான் டிராயரை மூன்று முறை கவிழ்த்தேன். அப்போதுகூட அது அக்காவின் பொட்டலத்தில் போயிருக்கும் என்று தோன்றவில்லை. சூப்பர்வைசர், போன மாதம் ஓகே ஆன பம்பர் ஒன்று ரேக்கில் இருக்கிறது, அதை வைத்துப் பார்த்து ஓட்டு, கிட்டத்தட்ட அதே கலர்தானே என்றார். வேண்டாம் என்று சொல்ல அக்கா இல்லை. ஓட்டினோம். இருநூற்றுப் பன்னிரண்டு பம்பர். செவ்வாய்க்கிழமை லாரி ஏறிக் கிருஷ்ணகிரிக்கு அந்தப் பக்கம் உள்ள கார் கம்பெனிக்குப் போனது. வியாழக்கிழமை அதே லாரியில் இருநூற்றுப் பன்னிரண்டும் திரும்பி வந்தன.

அக்கா வியாழக்கிழமை டூட்டிக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. மலையில் சிக்னல் கிடையாது, போன் போகவில்லை. அப்போதுதான் யாரோ கேட் சீட்டை எடுத்தார்கள். அதில் எட்டு என்று பார்த்ததும்தான், மாஸ்டரை நான் மேசையில் எடுத்து வைத்தது எனக்கு நினைவுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை அந்த அறையில் என் கையெழுத்துப் போட்ட சீட்டை மேசைமேல் வைத்து, இது என்ன என்று கேட்டார்கள். அக்கா ஸ்கிராப் எட்டு கேட்டார், எட்டு கொடுத்தேன் என்றேன். அது வரைக்கும் பொய் இல்லை. தர மேலாளர் தாமாகவே ஒரு முடிவுக்கு வந்தார். அந்தப் பெண்தான் பொட்டலத்துக்குள்ளே மாற்றி வைத்திருக்க வேண்டும், அவளுக்குத்தான் நிறப் பைத்தியம் என்றார். சூப்பர்வைசர் தலையைக் குனிந்துகொண்டு, "அவ அப்படிப்பட்டவ இல்ல சார்," என்று ஒருமுறை சொன்னார். அதோடு சரி. மேலாளர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: 'மேற்படி ஊழியர் ஸ்கிராப் பேனல்களுடன் மாஸ்டர் பேனலையும் சேர்த்து எடுத்துச் சென்றார்.'

என் கையெழுத்து அழகாக இருக்கும். அதனால்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் அப்பா கைநாட்டு. அவர் விற்ற நிலத்தின் பத்திரத்தில், எழுதினவர் 'சுமார் நாற்பது சென்ட்' என்று எழுதியிருந்தார். அளந்தபோது நாற்பத்துமூன்று இருந்தது. எழுதினதுதான் நின்றது. நான் ஒன்றாம் வகுப்புச் சேர்ந்த நாளிலிருந்து அப்பா இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "நீ எழுதறவன் பக்கம் குந்துடா. கைநாட்டு வெக்கிறவன் பக்கம் குந்தாத." அன்றைக்கு நான் எழுதுகிறவன் பக்கம் உட்கார்ந்திருந்தேன். மார்ச்சில் எனக்கு வேலை நிரந்தரம் ஆக வேண்டியிருந்தது.

மத்தியானம் அக்கா நேராக கம்பெனிக்கு வந்தார். தோளில் பை, முகமெல்லாம் பேருந்துத் தூசி. பையிலிருந்து முதலில் எடுத்தது மாஸ்டர் பேனலைத்தான், தன் துப்பட்டாவில் சுற்றி வைத்திருந்தார். மனிதவள அதிகாரி குறிப்பைக் கொடுத்து, படித்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். தெரியாமல் சேர்ந்து வந்துவிட்டது என்று கீழே ஒரு வரி எழுதிக்கொடுத்தால், லீவு மீறியதற்கு மட்டும் ஒரு எச்சரிக்கையோடு முடித்துவிடலாம் என்றும் சொன்னார். அவரும் கெட்டவர் இல்லை.

அக்கா உட்காரவில்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்தார். நான் பின்னாலேயே போனேன். தகரக் கூரைக்கு வெளியே போய், வெயிலில் நின்று படித்தார். மறுபடி படித்தார். எழுத்து யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

"இது கிட்டத்தட்ட நடந்ததுதாம்," என்றார்.

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஞாயிறு முதல் வியாழன் வரை மலையில் எப்படிப் போயிற்று என்று அங்கேயே நின்றுகொண்டு சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை பொட்டலத்தைப் பிரித்துப் பாறைமேல் பேனல்களை அடுக்கியபோது ஒன்றில் துளை இல்லை. திருப்பினால் கையெழுத்து. அன்று சாயந்திரமே பஸ் இருந்தது. ஏறியிருந்தால் திங்கள் காலை லாட் ஓடுவதற்கு முன் ஒரகடத்தில் இறங்கியிருக்கலாம். பையைக்கூடக் கட்டிவிட்டாராம். போவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை என்று அந்தத் துளையில்லாத பேனலை ஈத்தைத் தண்டில் செருகிவிட்டு உட்கார்ந்தார். குருவி வந்தது. பேனலுக்கு ஒரு முழம் தள்ளி நின்று கத்தியது. தொண்டையும் பேனலும் ஒன்று. மற்ற ஏழும் ஒத்துப்போகவில்லை, மாஸ்டர் மட்டும் அச்சாகப் பொருந்திற்று.

"அப்பறம் ஏன் கிளம்பலை?" என்று கேட்டேன்.

"நெழல்ல பாத்தாச்சு. வெயில்ல பாக்கலையே."

அந்தக் குருவி வெயிலுக்கு வராது. அதுதான் அதன் வாழ்க்கை. ஆனால் ஓடைக்கரையில் ஓரிடத்தில் காலைக் குளிருக்கு எப்போதாவது வெளியே வந்து சிறகை விரித்து உட்காரும் என்று அவர் அம்மா இலை பறிக்கும்போது பார்த்திருக்கிறார். அக்கா திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் இருட்டோடு போய் அட்டைக்கடியோடு அந்த ஓடைக்கரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதை நான் நம்பவில்லை, அவரே சொன்னதால் எழுதுகிறேன். வரவில்லை. வியாழக்கிழமை காலை வந்தது. ஒரு கல்லின்மேல், முழு வெயிலில், இருபத்திரண்டு எண்ணும் வரை இருந்தது. எண்ணியிருக்கிறார்.

"பொருந்தலை," என்றார். "வெயில்ல பேனல் செவப்பு கூடிட்டு. குருவி தொண்ட ஆரஞ்சுக்குத் திரும்பிட்டு. புஸ்தகத்துல இருக்க அளவுக்கு இல்ல, ஆனா நான் சொன்ன அளவுக்கும் இல்ல. அந்தப் பையன் சொன்னதுல பாதி சரி. வெளிச்சந்தாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இதற்காகவா என்று கேட்டேன். அவர் என்னை வேடிக்கையாகப் பார்த்தார். அவருக்கு வருத்தம் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கீழே இறங்கிச் சிக்னல் வந்ததும், பஸ்ஸில் உட்கார்ந்து, அந்த மாணவருக்கு நடந்ததை அப்படியே எழுதி அனுப்பிவிட்டாராம். நிழலில் பொருந்தியது, வெயிலில் பொருந்தவில்லை, ஆகவே என் நிற ஆதாரத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் கத்தல் கடைசியில் இறங்குகிறது, அதற்கு வெளிச்சம் தேவையில்லை என்று.

பிறகு ஒரு தாள் கேட்டார். என் சைக்கிள் சீட்டின்மேல் வைத்து எழுதினார். நான் எட்டிப் பார்த்துப் படித்தேன். 'ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பொட்டலத்தைப் பிரித்தேன். அதில் மாஸ்டர் பேனல் இருந்தது. அது எப்படி அதில் வந்தது என்பதை நான் பார்க்கவில்லை. மாஸ்டர் என்று தெரிந்த பிறகும் வியாழன் வரை வைத்திருந்தேன். அன்றே புறப்பட்டிருக்க முடியும்.'

என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. தான் பார்த்தது வரைக்கும் எழுதி நிறுத்தியிருந்தார்.

"அக்கா, தெரியாம வந்துடுச்சுன்னு எழுதினா விட்டுருவாங்க," என்றேன்.

"தெரிஞ்சிதான வச்சிருந்தேன்."

"அப்ப நான் குடுத்ததையும் எழுதுங்க."

பேனாவை மூடி என் சட்டைப்பையில் செருகினார். "அது ஒன் வரி. நீ பாத்தத நீ எழுது. நான் எப்படி எழுத முடியும்?"

அன்று மாலையே ஏஜென்சிக்குச் சொல்லி அவரை நிறுத்திவிட்டார்கள். தெரிந்தே வைத்திருந்தேன் என்று எழுதிக்கொடுத்த பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்று மனிதவள அதிகாரி சொன்னார். நான் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. அம்மா, பேய் அடிச்சாப்புல இன்னாத்துக்கு வூட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகினு கீற என்று கேட்டாள். அக்காவைப் போல நடக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலை என் வரியை எழுதினேன். நான்தான் மேசையில் மாஸ்டரை வெளியே எடுத்து வைத்தேன், நான்தான் துளையைப் பார்க்காமல் சுற்றிக் கொடுத்தேன், விசாரணைக் குறிப்பில் அதை எழுதாமல் விட்டவனும் நான்தான். மூன்று வரியானது. மேலாளர் படித்துவிட்டு விசாரணைக் கோப்பில் சேர்த்தார். நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. அக்காவின் வேலையை அந்த வரிகள் திருப்பித் தரவில்லை. ஒருநாள் முன்னால் எழுதியிருந்தால் தந்திருக்குமோ என்று கேட்காதீர்கள், நானே தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு காலை ஷிப்டில், என் போனுக்கு அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. கருநீல உடம்பு, வெள்ளைப் புருவம், கங்குத் தொண்டை. கீழே ஒரு செய்தி. கணவாய்க்குத் தெற்கே உள்ள அந்தப் பறவை, புது இனம் என்று ஆராய்ச்சியாளர்கள் விவரித்து எழுதிவிட்டார்கள். நான் உடனே போன் செய்தேன். அவர் அப்போது தென்காசிப் பக்கம் ஒரு துணிக்கடையில், பிளவுஸ் பிட் பிரிவில் இருந்தார். அங்கேயும் துணியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போகிறார் என்று முதலாளிக்குக் குறை.

அந்த மாணவர் நேரில் வந்திருக்கிறார். ஒருவர் தன்னுடைய ஆதாரத்தைத் தானே தள்ளிவிட்டுக் கடிதம் எழுதியதை அவர் அதற்கு முன் பார்த்ததில்லையாம். அப்படிப்பட்டவர் கத்தல் இறங்குகிறது என்று சொன்னால் இறங்கத்தான் செய்யும் என்று நம்பி, ஒலிப்பதிவுக் கருவியோடு மலையேறினார்கள். அக்காதான் ஓடைக்கரையைக் காட்டினார். பாட்டைப் பதிவுசெய்து, வலையில் பிடித்து இறக்கையை அளந்து, ஒரு துளி ரத்தம் எடுத்துவிட்டு, பறக்கவிட்டார்கள். பாட்டும் ரத்தமும் வேறு என்று சொல்லிவிட்டன. நிறத்தைக் கருவி வைத்து அளந்தபோது வித்தியாசம் இருந்தது, அக்கா முதலில் நினைத்த அளவுக்கு இல்லை.

"கட்டுரைல நன்றி போட்டுருக்கானாக்கா?"

"போட்டுருக்கான். இனிஷியலோட."

"உங்களுக்கு இப்ப நிம்மதிதானே," என்றேன்.

பின்னால் கடையில் யாரோ துணி கிழிக்கும் ஓசை கேட்டது. "இன்னும் தெக்க, அடுத்த மலைல இருக்கதப் பாத்தேன் தம்பி," என்றார். "அதோட புருவக்கோடு எங்க குருவி மாதிரி இல்ல. கொஞ்சம் நீளமா இருக்காப்புல தெரியிது. அளக்கணும்."

அவரை நான் கடைசியாக நேரில் பார்த்தது, வேலையை விட்டு நிறுத்திய பத்தாம் நாள், கணக்கு முடிக்க வந்தபோது. பம்பர்களைத் திரும்பப் பெயின்ட் அடித்த செலவைக் கம்பெனியே ஏற்றுக்கொண்டது. லாரி திரும்பி வந்த செலவை மட்டும் எங்கள் இருவரிடமும் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அக்கவுன்ட்ஸ்காரர் தலை நிமிராமலே, கிட்டத்தட்ட பதின்மூன்றாயிரம், ஆளுக்கு ஆறரை என்றார். அக்கா பில்லைக் கேட்டார். வாடகை பத்தாயிரத்து ஐந்நூறு, ஏற்றி இறக்கிய கூலி ஆயிரத்து நூறு, சுங்கச்சாவடி ஆயிரத்து இருநூற்று நாற்பத்தேழு. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்க் கூட்டிப் பார்த்தார். பன்னிரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பத்தேழு. பாதியில் ஐம்பது பைசா இடித்தது. அக்கவுன்ட்ஸ்காரர் ஆளுக்கு ஆறாயிரத்து நானூற்று இருபத்துநான்கு என்று போடப் போனார். அப்படிப் போட்டால் ஒரு ரூபாய் கூடிவிடும் என்று அக்கா அவர் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார்.

"அந்த ரூவாய எம்பேர்ல போடுங்க சார். நாலு நாள் இருந்தது நாந்தான."

என் பங்கு ஆறாயிரத்து நானூற்று இருபத்துமூன்று. அக்காவின் பங்கு ஆறாயிரத்து நானூற்று இருபத்துநான்கு.